புதிய செவிலியர்களின் மானிட்டர் பதற்றம்: புதுச்சேரி நண்பருக்குப் பதில்

வணக்கம். இரண்டு வார வகுப்பை முடித்துவிட்டு நேரே இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் புதிய செவிலியர்கள், நோயாளியின் இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஒலித்தாலே பதறுவதாகவும், வகுப்பை ஒரு மாதமாக நீட்டலாமா என்றும் புதுச்சேரியிலிருந்து கேட்டிருந்தீர்கள். வகுப்பை நீட்டுவதால் பயன் குறைவு என்பதே என் கருத்து. அனுபவமுள்ள ஒரே மூத்த செவிலியரின் கீழ், அவருடைய ஷிஃப்டிலேயே பணிபுரியும் காலத்தை நீட்டுங்கள்.

ஒலி கேட்டதும் முதலில் நோயாளியைப் பார்க்கவும் நாடியைத் தொடவும் பழக்க வேண்டும். கழன்றுபோன எலக்ட்ரோடும் (மார்பில் ஒட்டும் மின்முனை), நோயாளி பல் துலக்கும் அசைவும் திரையில் ஆபத்தான துடிப்பைப் போலவே தோன்றக்கூடும் என்பதைப் படுக்கையருகில் காட்டினால்தான் மனத்தில் பதியும். அதே சமயம், வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது) உடனடி மின் ஷாக் தேவை, அசிஸ்டோலிக்கு (இதயத்தின் மின் இயக்கமே நின்றுபோவது) ஷாக் கூடாது என்பதில் அவர்களுக்குத் தயக்கமே இருக்கலாகாது. அதற்காக, அந்த ஷாக்கைக் கொடுக்கும் கருவியான டிஃபிப்ரிலேட்டரை ஒவ்வொருவரும் தம் கையால் இயக்கும் மாதிரிப் பயிற்சி வாரந்தோறும் நடக்கட்டும்.

கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளில் சிலர் மாரடைப்பை "வாயுப் பிடிப்பு" என்றே சொல்வார்கள் (சோடா குடித்துப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு). நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் இருக்கலாம் என்பதால், நோயாளி வந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் காட்டும் பொறுப்பைப் புதியவர்களுக்கும் கொடுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு மருந்தை மட்டும் இருவர் சரிபார்க்காமல் தொட விடாதீர்கள். அடர்த்தியைக் குறைக்காமல் நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஒருவரை இரவு ஷிஃப்டில் தனியாக விடலாமா என்பதை, மூத்த செவிலியர் கையொப்பமிட்ட திறன் பட்டியலைப் பார்த்த பிறகே முடிவுசெய்யுங்கள்.