மேயர் வீட்டில் ஓர் அறை

அன்புள்ள சார்,

வில்லி மேஸ் பற்றிய கட்டுரையில், வீடு கிடைக்காமல் நின்ற அந்தக் கறுப்பின பேஸ்பால் வீரரைத் தன் வீட்டில் வந்து தங்கச் சொன்ன சான் பிரான்சிஸ்கோ மேயரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். ஜார்ஜ் கிறிஸ்டோபர், கிரேக்கத்தில் பிறந்தவர், பால் வியாபாரி என்று தெரிந்தது. நான் வேலைக்காக இதே சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் வெளியாள்தான். வெளியாள் ஒருவர் மேயராகி இன்னொரு வெளியாளுக்குக் கதவைத் திறந்தது தெம்பாக இருந்தது. பட்டவனுக்குத்தான் அடுத்தவன் வலி தெரியும், இல்லையா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

ஒரே வரியில் கடந்தது என் சோம்பல்தான். ஆனால் உங்கள் கேள்விக்கு ஆமாம் என்று எழுதக் கை வரவில்லை.

கிறிஸ்டோபர் 1907இல் ஆர்க்காடியாவில் பிறந்தார். விவரம் தெரியாத வயதிலேயே குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்துவிட்டது. பதினான்கு வயது வாக்கில் பள்ளியை விட்டுவிட்டு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். இரவில் கணக்கியல் படித்தார். நீளமான கிரேக்கக் குடும்பப் பெயரைக் கத்தரித்து கிறிஸ்டோபர் ஆனார். பால் வியாபாரி என்றதும் நமக்கு சைக்கிளும் கேனும் ஞாபகம் வரும். இவர் கறந்தவர் அல்ல, கணக்குப் பார்த்தவர். ஊரார் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 1930களில் ஒரு பால் நிறுவனத்தை வாங்கித் தன் பெயரை வைத்தார். 1945இல் நம் ஊர் நகர மன்றம் போன்ற மேற்பார்வையாளர் குழுவுக்குத் தேர்வானார், 1951 மேயர் தேர்தலில் தோற்றார், 1955இல் வென்றார். எட்டு ஆண்டுகள் மேயர். அவருக்குப் பின் இன்றுவரை அந்த ஊருக்குக் குடியரசுக் கட்சி மேயர் வந்ததில்லை.

அந்தப் பால் பிறகு ஒருமுறை திரிந்தது. 1966இல் கலிபோர்னியா கவர்னர் வேட்பாளராகக் கட்சிக்குள் ரொனால்ட் ரீகனோடு மோதினார். பால் விலை விதிகளை மீறியதாக இளம் வயதில் அவர்மேல் வந்த ஒரு பழைய தண்டனை பத்திரிகைகளில் கிளறப்பட்டது. கிளறிவிட்டதில் பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி கவர்னர் பேட் பிரவுனின் ஆட்களுக்குப் பங்கு உண்டு. எதிரே ரீகன் வந்தால் நடிகர்தானே, சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று நினைத்தார்கள். ரீகன் கிறிஸ்டோபரைத் தோற்கடித்தார், நவம்பரில் பிரவுனையும் கிட்டத்தட்ட பத்து லட்சம் ஓட்டில் தோற்கடித்தார். சரி, அது வேறு கதை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1957 நவம்பர். மேஸ் ஆடும் ஜயன்ட்ஸ் அணி நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு வரப்போகிறது. மேஸ் மிராலோமா டிரைவில் ஒரு புது வீட்டைப் பார்த்து, சொன்ன விலையான 37,500 டாலரைக் கொடுக்கத் தயாராக நிற்கிறார். அக்கம்பக்கத்தவர் கட்டியவரை நெருக்குகிறார்கள். அவர் கோடீஸ்வர பில்டர் அல்ல. இவருக்கு விற்றால் அப்புறம் யார் வேலை தருவார்கள் என்று பயந்தவர். முடியாது என்றுவிட்டார். விஷயம் பத்திரிகைக்குப் போய் நாறியது. அப்போதுதான் மேயர், வீடு அமையும்வரை என் வீட்டில் இருங்கள் என்றார். கடைசியில் கட்டியவர் மனம் மாறி விற்றார்.

அணியைக் கொண்டுவர ஓடாய் உழைத்தவரே கிறிஸ்டோபர்தான். அதன் நட்சத்திரத்துக்கு ஊரில் வீடில்லை என்பது அவர் முகத்தில் பூசிய கரி. அதையும் கழித்துப் பார்த்தாலும் அந்த அழைப்பு மிஞ்சுகிறது. அன்று எத்தனை மேயர்கள் தன் வீட்டு அறையைக் காட்டியிருப்பார்கள்?

ஆனால் அதே ஆண்டுகளில் அதே ஊரின் வெஸ்டர்ன் அடிஷன் பேட்டையைப் பாருங்கள். 1942இல் போரைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு ஜப்பானியக் குடும்பங்களைத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பியபோது காலியான வீடுகளில், போர்க்காலத் தொழிற்சாலை வேலைக்கு வந்த கறுப்பினத்தவர் குடியேறிய பகுதி அது. ஃபில்மோர் தெருவில் ஜாஸ் கிளப்புகள் வரிசையாக இருந்தன. அதை நகர நிர்வாகம் சேரி என்று குறித்தது. இடிக்கும் திட்டம் கிறிஸ்டோபருக்கு முந்தையது. ஆனால் 1959இல் அவர் காலத்தில், பழைய பேட்டைகளை இடித்துக் கட்டும் மறுசீரமைப்பு முகமைக்கு ஜஸ்டின் ஹெர்மன் தலைமைக்கு வந்தபின்தான் புல்டோசர்களுக்கு வேகம் பிடித்தது. வீடிழந்த குடும்பங்களை ஆயிரக்கணக்கில்தான் எண்ண வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும், முகாமிலிருந்து திரும்பி வந்திருந்த ஜப்பானியரும்.

பட்டவனுக்கு வலி தெரியும் என்கிறீர்கள். வாசலில் வந்து நின்ற ஒருவரின் வலி கிறிஸ்டோபருக்குத் தெரிந்தது. வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிய பேட்டையின் வலி தெரியவில்லை, அல்லது அது வலியாகவே படவில்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பள்ளியை விட்டு, இரவில் படித்து மேலே வந்தவருக்கு, பழைய வீடு என்பது கூடிய சீக்கிரம் விட்டு வெளியேற வேண்டிய இடமாக இருந்திருக்கும். இது என் ஊகம்தான்.

நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கியரி சாலையும் ஃபில்மோர் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சந்திக்கும் என்றா சொன்னேன்? கியரி அங்கே பள்ளத்தில் இறங்கி, ஃபில்மோருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் ஏறும். காரில் போகிறவர்களுக்கு மேலே ஒரு தெரு இருப்பதே தெரியாது.