சீன நிதி அமைச்சர் சொன்னால் அது அரசின் முடிவா?

கேள்வி: சீனாவிலிருந்து சோலார் பலகைகளும் பேட்டரிகளும் இறக்குமதி செய்கிறேன். அந்நாட்டின் இந்நாள், முன்னாள் நிதி அமைச்சர்கள் பேசுவதை நம்பிக் கொள்முதலைத் திட்டமிடலாமா?

பதில்: பேசியவர் அப்போது எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதை முதலில் பாருங்கள். சீனப் பொருளாதாரத்தின் திசையைத் தீர்மானிப்பது கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை. அந்த முடிவுகளை வரியாகவும் பட்ஜெட்டாகவும் கடன்பத்திரமாகவும் வடிவமைப்பதே நிதி அமைச்சரின் வேலை. அதைச் சாதாரண வேலை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு 2013 முதல் 2016 வரை அப்பதவியில் இருந்த லோ ஜிவெய்யின் பணி வாழ்க்கையே சான்று.

கடற்படையில் பணியாற்றிப் பின்னர் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கணினியியல் படித்துப் பொருளாதாரத்துக்கு வந்த அவர், ஜூ ரோங்ஜி துணைப் பிரதமராக முன்னின்று நடத்திய 1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்தை வகுத்தவர்களில் ஒருவர். மதிப்புக்கூட்டு வரியில் 75 சதவீதம் மத்திய அரசுக்கு என்று ஆனதும், மொத்த வரவில் அதன் பங்கு 1993இல் இருந்த 22 சதவீதத்திலிருந்து மறு ஆண்டே 55 சதவீதத்தைத் தாண்டியது. செலவுப் பொறுப்போ பெரும்பாலும் உள்ளூர் அரசுகளிடமே தங்கிவிட்டது. நேரடியாகக் கடன் வாங்கச் சட்டம் இடம் தராததால், அவை நில உரிமை விற்பனையையும், தாமே அமைத்த தனி நிறுவனங்களின் பெயரில் வாங்கிய மறைமுகக் கடனையும் நம்பி நின்றன. இருபது ஆண்டுகள் கழித்து அந்த முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பும் லோவிடமே வந்தது: 2014இல் திருத்தப்பட்ட பட்ஜெட் சட்டம், மறு ஆண்டு முதல் மாகாணங்கள் தாமே கடன்பத்திரம் வெளியிட வழிசெய்தது. உள்ளூர்க் கடன் பற்றி இவர் பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால், சரியான விமர்சனம் வேறு, வரப்போகும் கொள்கை வேறு. அரசின் ஓய்வூதியச் சேமிப்பை நிர்வகிக்கும் தேசிய சமூகப் பாதுகாப்பு நிதியத்தின் தலைவராக இருந்த லோ, உயர்தொழில்நுட்பத் துறைகளை அரசு ஆதரவுடன் வளர்க்கும் ‘மேட் இன் சைனா 2025’ திட்டம் வரிப்பணத்தை வீணடித்ததாக 2019 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே அப்பதவியில் வேறொருவர் அமர்ந்தார். லோ ஓய்வு வயதைக் கடந்தவர் என்பதும் உண்மை. உயர்தொழில்நுட்பத் துறைகளுக்கான அரசு ஆதரவு மட்டும் நிற்கவில்லை.

உங்கள் கொள்முதலுக்கு, நிதி அமைச்சகமும் வரி நிர்வாகமும் கூட்டாக வெளியிடும் அறிவிப்புகளே ஆதாரம். ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரப்படும் வரியை, சோலார் பலகைகளுக்கும் பேட்டரிகளுக்கும் 13 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைத்த அறிவிப்பு 2024 நவம்பர் நடுவில் வந்து, டிசம்பர் 1 முதல் நடைமுறையானது. இரண்டு வார அவகாசமே கிடைத்தது என்பதால், இத்தகைய மாற்றத்தின் சுமை யாருடையது என்பதை விற்பனையாளருடனான ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.