நடுவதற்கு முன் கட்டையைப் பாருங்கள்

கேள்வி: மழை முன்போல இல்லை, வெயிலும் கூடிவிட்டது, மரம் வையுங்கள் என்கிறார்கள். மானாவாரி நிலத்தில் மூன்று வருஷமாகக் கன்று நட்டும் ஒன்றுகூடத் தேறவில்லை. தண்ணீர் ஊற்ற வழியில்லாதவர்கள் என்ன செய்வது?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் நைஜர் என்றொரு நாடு. அங்கேயும் கம்பும் சோளமும்தான் சாப்பாடு, வானம் பார்த்த விவசாயம்தான். மராடி வட்டாரத்தில் மரம் நடும் வேலையில் இருந்த ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ, நட்ட கன்றுகள் பெரும்பாலும் செத்துப்போனதைப் பார்த்து மனம் உடைந்திருந்தார். 1983-இல் ஒருநாள், மணல் பாதையில் வண்டி சிக்காமல் இருக்க டயரில் காற்றைக் குறைக்க இறங்கியவர், பக்கத்தில் இருந்த புதரின் இலையை உற்றுப் பார்த்திருக்கிறார். அது புதரே இல்லை, என்றைக்கோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை விட்டிருந்த துளிர்.

கரும்பை வெட்டிய பின் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு விடுகிறோமே, அதே மாதிரிதான். மேலே ஒன்றும் இல்லாவிட்டாலும் கீழே வேர் ஆழமாக, உயிரோடு இருக்கிறது. அதனால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு கட்டையில் பத்து இருபது துளிர் வந்தால் திடமான மூன்று நான்கை விட்டுவிட்டு மற்றதைக் கழித்து, விட்டதிலும் கீழ்ப்பக்கக் கிளைகளை நறுக்கி, ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கழித்தது அடுப்புக்கு ஆகும். இருபது ஆண்டுகளில் நைஜரில் இப்படிச் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பி வந்தன.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து அங்கே மரம் அரசாங்கத்துச் சொத்து. தன் வயலில் நிற்கும் மரத்தை வெட்டினாலும் அபராதம் என்றால் யார் வளர்ப்பார்கள்? அந்தக் கெடுபிடி தளர்ந்து, மரம் தங்களுடையது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் காரியம் வேகமாகப் பரவியது.

உங்கள் நிலத்தில் வேம்பு, உசிலை, வெள்வேல் கட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீமைக் கருவேலத்தை மட்டும் விட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: வயலுக்குள் மரம் நின்றால் நிழல் விழுந்து கம்பு சோடை போகாதா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: மரத்தைப் பொறுத்தது. நைஜர் விவசாயிகள் விரும்பி விடும் 'காவோ' மரம் வேல மரத்துக்குச் சொந்தம். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், கோடையில் தழைக்கும். அதனால் பயிர் நிற்கும்போது நிழல் இல்லை, உதிர்ந்த இலை உரமாகிறது, காய் ஆடு மாட்டுக்குத் தீனி. நம் மரங்கள் அப்படி உதிர்க்காது. ஆகவே நெருக்கமாக விடாமல், மழைக்கு முன் கிளையைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: மண் இறுகிக் கட்டாந்தரையாகிவிட்டது. கட்டையும் இல்லை, புல்லும் இல்லை. அப்புறம்?
– வாசகர், முதுகுளத்தூர்

பதில்: நைஜரின் பக்கத்து நாடான புர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி 1980-களின் பஞ்சத்தில் இதற்கு வழி கண்டார். பழைய 'ஸாய்' குழி முறைதான், குழியை மட்டும் அகலமாக, ஆழமாக வெட்டினார். ஏறக்குறைய ஒரு முழ அகலம், ஒரு சாண் ஆழம். கோடையிலேயே வெட்டி எருவைப் போட்டுவிட்டால், கரையான் வந்து மண்ணைத் துளைத்து வைக்கும், முதல் மழை ஓடிப்போகாமல் குழியில் இறங்கும். அதில் சோளம் விதைத்தார். எருவோடு வந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டார். காலப்போக்கில் அது 20 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடாகிவிட்டது.