தோழியின் பேனாவில் மிச்சமிருக்கும் இரண்டு டோஸ்

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. வீடு தண்டையார்பேட்டை. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் வேலை. உயரம் 155 செ.மீ., எடை 86 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறேன். பீரியட்ஸ் ஒழுங்காக வராது, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்றார்கள். எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஆசை. போன வருட ஸ்கேனில் பித்தப்பையில் சின்னக் கல் தெரிந்தது, வலி இல்லை. நாலு மாதத்தில் தம்பி கல்யாணம். கடையில் கூட வேலை செய்யும் அக்கா வாரம் ஒரு ஊசி போட்டு நன்றாக இளைத்துவிட்டார். மருந்து அடைத்து வரும் அவருடைய ஊசிப் பேனாவில் இரண்டு டோஸ் மிச்சம் இருக்கிறதாம். "போட்டுப் பாரு, புது ஊசி மாட்டிக்கலாம்" என்கிறார். மாமியார் கிட்னி போய்விடும் என்கிறார். வாயைக் கட்டத் தெரியாதது என் தப்புதான். இருந்தாலும் கேட்கிறேன், போடலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பேனாவை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புது ஊசி மாட்டினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் போடக் கூடாது. ஊசி உள்ளே இறங்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பின்னால் ஏறி மருந்துக் குழாய்க்குள் போய்விடலாம். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள், எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியாக வர வாய்ப்பு உண்டு. அக்காவுக்கு ஏதோ நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. யாருக்கு என்ன இருக்கிறது என்று அவரவருக்கே தெரியாத நோய்கள் இவை.

டோஸ் இன்னொரு சிக்கல். இந்த வார ஊசி வகையில் வரும் செமாகுளூடைடு மருந்தை 0.25 மி.கி.-யில் தொடங்கி நாலு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுவோம். அக்கா பல மாதம் ஏறி நிற்கிற படியில் நீங்கள் முதல் நாளே கால் வைத்தால், வாந்தியிலும் வயிற்றுப் புரட்டலிலும் அந்த வாரம் முழுக்கப் படுத்துவிடுவீர்கள்.

"என் தப்புதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ராயபுரத்தில் என் கிளினிக்குக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் இதே வார்த்தையோடுதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். இந்த ஊசி போட்ட ஒருவர் மூன்றாவது வாரம் வந்து சொன்னது: "டாக்டர், சாயங்காலம் நாலு மணி ஆனா பஜ்ஜிக் கடை ஞாபகம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும். இப்ப அது நின்னுபோச்சு. மத்தவங்க எல்லாம் இப்படித்தான் இருக்காங்களா?" கேட்டுவிட்டு அழுதார். பசி என்பது உடம்பு ஹார்மோன்களால் நடத்துகிற வேலை. சிலருக்கு அந்தச் சத்தம் பிறவியிலேயே உரக்கக் கேட்கிறது. பி.சி.ஓ.எஸ்.-ஸும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் உரக்கக் கேட்கும். அதோடு நீங்கள் போடுகிற கிளிமிபிரைடுக்கு எடையை ஏற்றுகிற குணம் உண்டு. இதை யாராவது உங்களிடம் சொன்னார்களா?

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி.-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். "போதும்" என்று மூளைக்குச் சொல்வது, இரைப்பையை மெதுவாகக் காலி செய்ய வைப்பது, சர்க்கரை ஏறும்போது இன்சுலினைத் தூண்டிவிடுவது எல்லாம் அதன் வேலை. இயற்கையில் அது சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் வருகிற செமாகுளூடைடு அதே போலச் செய்யப்பட்டு, ஒரு வாரம் உடம்பில் தங்குகிறது. மவுஞ்சாரோ என்று விற்கிற டிர்செபடைடு இதோடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது.

எவ்வளவு இளைப்போம் என்பதில்தான் விளம்பரம் ஒன்று சொல்கிறது, உங்களுக்கு நடப்பது வேறாக இருக்கிறது. 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், சர்க்கரை இல்லாதவர்கள் செமாகுளூடைடு 2.4 மி.கி.-யை 68 வாரம் போட்டுச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தார்கள். டிர்செபடைடின் அதிக டோஸில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். பேசப்படுவது இந்த எண்கள்தான். சர்க்கரை இருப்பவர்களுக்கு இதே மருந்து இவ்வளவு இளைக்க வைப்பதில்லை. செமாகுளூடைடில் சராசரி 9.6 சதவீதம், டிர்செபடைடின் அதிக டோஸில் 14.7 சதவீதம். உங்கள் 86 கிலோவில் கணக்குப் போட்டால் எட்டு முதல் பன்னிரண்டு கிலோ, அதுவும் ஒன்றேகால் வருடத்துக்கு மேல் போட்ட பிறகு. இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஆறாவது மாதத்தில் மனம் உடைந்து நிறுத்தமாட்டீர்கள்.

தம்பி கல்யாணத்தையும் இந்தக் கணக்கில் வையுங்கள். 0.25-ல் தொடங்கி 2.4 வரை படிப்படியாக ஏறவே பதினாறு வாரம் ஆகும். அதாவது நாலு மாதம். ஏற்றி முடிக்கிற நேரத்தில் கல்யாண மேளம் கொட்டிவிடும். முகூர்த்தத்துக்காக டோஸை அவசரமாக ஏற்றி, பந்தியில் உட்கார முடியாமல் மண்டபத்து அறையில் படுத்துக் கிடந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். புடவைக்கு ஏற்ற மாதிரி ஜாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள். மருந்தைக் கல்யாணத் தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

ஆனால் உங்களுக்கு இந்த மருந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு உங்களுக்குக் கிட்டத்தட்ட 36. நம் ஊர் உடம்புக்கு 25-க்கு மேலேயே உடல் பருமன் என்று கணக்கு. முப்பத்தாறு வயதில் சர்க்கரை வேறு. அழகுக்காக ஐந்து கிலோ குறைக்க நினைப்பவரின் நிலை வேறு, உங்கள் நிலை வேறு. பழைய எடைக்குறைப்பு மாத்திரைகளின் வரலாறு நல்லதாக இல்லை. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுத்ததால் 1997-ல் போனது. சிபுட்ரமின் மாரடைப்பு பயத்தால் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளை விட்டுப் போனது. பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தப் புது மருந்து அந்த வகையில்லை. இதய நோய் உள்ள, ஆனால் சர்க்கரை இல்லாத 17,604 பேரிடம் செமாகுளூடைடைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயத்தால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்திருந்தது.

மாமியார் சொன்ன கிட்னி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. மருந்து நேராகச் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்களிடம் செய்த ஆய்வில் செமாகுளூடைடு அந்தப் பாதிப்பு முற்றுவதை 24 சதவீதம் குறைத்தது. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கித் தானே டோஸை ஏற்றிக்கொண்டார். மே மாத வெயில். இரண்டு நாள் வாந்தி. தண்ணீர் குடித்தால் குமட்டுகிறது என்று குடிக்கவே இல்லை. ஆனால் பிரஷருக்கான, நீர் பிரிக்கும் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். வரும்போது நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு எங்கோ ஏறியிருந்தது. டிரிப் ஏற்றி, அட்மிட் செய்து, கடவுள் புண்ணியத்தில் தேறினார்.

உங்களுக்கு இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் துணிக்கடையில் நிற்கிறவர். அந்தத் தெருவிலிருந்து வருகிற பெண்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கம் பார்க்கிறேன். பாத்ரூம் போக விடமாட்டார்கள், அல்லது பாத்ரூம் சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் கேட்கவே வேண்டாம். இந்த ஊசி போடுகிற காலம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்க வேண்டும். வாந்தியோ பேதியோ ஒரு நாளைத் தாண்டினால் அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதற்கு ஒத்துவராத வேலை என்றால் எனக்கு இந்த மருந்தை எழுதவே யோசனைதான்.

அப்புறம் குழந்தை. கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது. செமாகுளூடைடு என்றால் கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பும், டிர்செபடைடு என்றால் ஒரு மாதம் முன்பும் நிறுத்திவிட வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எடை கொஞ்சம் இறங்கினாலே கருமுட்டை ஒழுங்காக வர ஆரம்பிக்கும். "எனக்குத்தான் தங்காதே" என்று இருந்தவர்கள் ஊசி போடுகிற காலத்திலேயே கர்ப்பமாகிவிடுகிறார்கள். டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலத்தையும் குறைக்கும். தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றும்போதும் நாலு வாரத்துக்கு ஆணுறை கூடவே வேண்டும், அல்லது காப்பர்-டி போட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு 36 ஆகிவிட்டது. குழந்தையை எத்தனை நாள் தள்ளிப் போடலாம் என்பதை நீங்களும் கணவரும் மகப்பேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்து முதலில் பேசி முடியுங்கள். மருந்தைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான். எந்த வழியாக இருந்தாலும் கருத்தரிக்கும் முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ.1சி) 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்திருப்பது குழந்தைக்கு நல்லது.

பித்தப்பைக் கல் இந்த ஊசிக்குத் தடை இல்லை. ஆனால் வேகமாக இளைத்தால் கல் கூடும், இருக்கிற கல்லும் நகர்ந்து சிக்கலாம். தொடங்கும் முன் அந்த ஸ்கேனை ஒரு அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்கோ வலது தோளுக்கோ போனாலும், கண் மஞ்சளானாலும் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கணைய அழற்சி அரிதுதான், வந்தால் அந்த வலியோடுதான் வரும். இரவு எத்தனை மணியானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

கிளிமிபிரைடை அப்படியே போட்டுக்கொண்டு ஊசியும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அதனால் ஊசி தொடங்கும் அன்றே கிளிமிபிரைடைக் குறைப்பதோ நிறுத்துவதோ உங்கள் சர்க்கரை டாக்டரின் முதல் வேலையாக இருக்க வேண்டும். மெட்பார்மின் தொடரலாம்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பசி குறைந்ததும் நம் பெண்கள் முதலில் விடுவது மீனையும் முட்டையையும். மிஞ்சுவது டீயும் இரண்டு பிஸ்கட்டும். கொழுப்போடு தசையும் கரைந்து, படி ஏறினால் கால் நடுங்கும். காசிமேடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மத்தியும் நெத்திலியும் குழம்பாக ஒரு வேளை, முட்டை ஒரு வேளை, சுண்டல் ஒரு வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோறு. வறுவல் வேண்டாம், எண்ணெய் பட்டால் குமட்டல் கூடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துப் பத்தாக எழுந்து உட்காருங்கள்.

பணத்தையும் இப்போதே யோசியுங்கள். டிர்செபடைடு 2025-ல் இங்கே வந்தபோது தொடக்க டோஸுக்கே மாதம் 14,000 ரூபாய் ஆனது. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு இந்தியக் கம்பெனிகளும் செய்யலாம் என்பதால் விலை இறங்கும். ஆனாலும் இது மூன்று மாதச் செலவு இல்லை. நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், இளைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்திருந்தது. பிரஷர் மாத்திரை மாதிரி நீண்ட நாள் மருந்து இது. நகையை வைத்துத் தொடங்கி நாலாவது மாதம் நிறுத்துவதற்குத் தொடங்காமலே இருக்கலாம். வாங்கினால் பில்லோடு, பேட்ச் எண் பார்த்து வாங்குங்கள். போலி செமாகுளூடைடு நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனமே 2024-ல் எச்சரித்தது. புதுப் பேனாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் இல்லை. ஒரு முறை உறைந்துவிட்டால் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கண் பரிசோதனை. சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் அது மோசமாகலாம், அதனால் ஊசிக்கு முன் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். நாலைந்து மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அன்றைக்கு ஸ்கூட்டி எடுக்காதீர்கள், கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வருகிற வழியிலேயே மகப்பேறு டாக்டரையும் இரண்டு பேருமாகப் பார்த்துவிடலாம்.