42 வயதில் ஆசிரியப் பணி: முதலில் வீட்டுக் கடனை முடியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 42. எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, கோவையில் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் 16 ஆண்டுகள் முடித்திருக்கிறேன். கைக்கு வருவது மாதம் 1.5 லட்சம், அடிப்படைச் சம்பளம் 60,000. மனைவியின் சம்பளம் 45,000. வீட்டுச் செலவு 70,000. வீட்டுக் கடன் பாக்கி 22 லட்சம், வட்டி 8.5 சதவீதம், தவணை 32,000. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. வேலையை விட்டு, பி.எட். படித்து, பள்ளியில் கணிதம் கற்பிக்க விரும்புகிறேன். இப்போதே விடலாமா?

பதில்: உங்கள் விருப்பம் நிறைவேறக்கூடியதே, ஆனால் இப்போதே வேண்டாம். இரண்டாண்டுப் படிப்பின்போது மனைவியின் சம்பளம் மட்டுமே வரும் என்பதால், செலவும் தவணையுமாக மாதம் 57,000 ரூபாய் துண்டு விழும். 24 மாதங்களில் அது 13.68 லட்சம். பிறகு தனியார் பள்ளியொன்றில் 25,000 ரூபாய்க்குச் சேர்ந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், வீட்டுச் செலவு சரிக்குச் சரியாகிவிடும், தவணைக்குத்தான் பணம் இருக்காது. ஆகவே உங்களைத் தடுப்பது ஆசிரியர் சம்பளம் அன்று, கடன்தான்.

இப்போது மாதம் 93,000 மிஞ்சுகிறது. அதையும் தவணையோடு சேர்த்துக் கட்டி வந்தால் ஏறத்தாழ 19 மாதங்களில் கடன் அடைந்துவிடும். மாறும் வட்டிக் கடனாக இருந்தால், முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் கேட்க முடியாது. இந்தக் காத்திருப்பால் பணிக்கொடையும் கூடுகிறது. ஆறு மாதத்தைத் தாண்டிய பணிக்காலம் முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால், 17 ஆண்டு 7 மாதங்களில் விலகினாலும் 18 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு, ஆண்டுக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம் வீதம் (மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில்) குறைந்தது 6.23 லட்சம் கிடைக்கும். கடன் இல்லாத வீட்டில் படிப்புக் காலப் பற்றாக்குறை மாதம் 25,000, மொத்தம் 6 லட்சம்தான். பணிக்கொடையே அதை ஈடுகட்டிவிடும். கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் மேலும் ஓரிரு மாதங்களின் மிச்சத்தை ஒதுக்குங்கள்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு நீங்கள் விலகும் நாளோடு போய்விடும். சொந்தப் பாலிசியிலோ ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். சர்க்கரை நோயை மறைக்காமல் குறிப்பிட்டு இந்த மாதமே பாலிசி எடுத்தால், அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும்.

வருங்கால வைப்பு நிதியில் கைவைக்க வேண்டாம். பத்து ஆண்டுக்கு மேல் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்திருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. வேலையை விட்ட பின்பு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் படிப்புக் காலம் முழுவதும் குடும்பம் மனைவியின் ஒரே சம்பளத்தில் நிற்கப்போகிறது. ஆதலால் நீங்கள் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, அவருடைய பெயரில் ஒரு டேர்ம் காப்பீடு (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள்.