காய்ச்சல் மாத்திரையும் மூன்று சுற்றும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் ஓட்டக் குறிப்புகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். எனக்கு 39 வயது, திண்டுக்கல்லில் வேலை. ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன், இன்னும் 13 வாரம் இருக்கிறது. காலாண்டு விடுமுறைக்கு மாமனார் வீட்டோடு கொடைக்கானல் வந்தோம். இ-பாஸ் எடுத்து, இரண்டு வேனில், பதினான்கு பேர், ஐந்து நாள், ஏரிக்குப் பக்கத்திலேயே காட்டேஜ். மூன்றாம் நாள் காலையில் 26 கிலோமீட்டர் லாங் ரன். ஏரியை ஐந்து சுற்றுக்கு மேல் கொஞ்சம் ஓடினால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மலையில் ஓடினால் ரத்தம் ஏறும், சென்னையில் பறக்கலாம் என்று எங்கள் குரூப்பில் எல்லாரும் சொன்னார்கள்.

போன அன்று இரவே தொண்டை வலி. மறுநாள் 101 டிகிரி. மூன்றாம் நாள் காலை நாலே முக்காலுக்கு ஒரு 650 மாத்திரை போட்டேன், காய்ச்சல் இறங்கிவிட்டது, ஐந்தரைக்கு ஓட இறங்கினேன். மூன்று சுற்றுதான் முடிந்தது. ஊரில் 6:15 பேஸில், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 வினாடி வேகத்தில், ஓடினால் இதயத் துடிப்பு 148-ஐத் தாண்டாது. கொடைக்கானலில் 7:20-க்கே 174. பத்தரை மணிக்கு எல்லாரும் பூம்பாறை கிராமம் பார்க்கக் கிளம்பினார்கள், எனக்கு மறுபடி குளிர், படுத்துவிட்டேன். மறுநாள் விடக்கூடாது என்று இன்னொரு சுற்று ஓடினேன். மனைவி இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. ஊருக்கு வந்து நாலு நாளாகிறது, இருமல் இருக்கிறது, மாடிப்படி ஏறினால் லேசாகப் படபடப்பு. மாமனாருக்கும் இருமல் தொற்றிக்கொண்டது. விட்டுப்போன 26-ஐ வரும் ஞாயிறு ஓடிவிடலாமா? மாரத்தானுக்கு மன உறுதிதானே அக்கா முக்கியம்? பெயர் போடவேண்டாம்.

கே.

அன்புள்ள கே.,

இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக இரண்டு வரி அனுப்பிவிட்டேன். ஞாயிறு ஓடாதீர்கள், நாளைக்கே டாக்டரைப் பார்த்து ஒரு இசிஜி எடுங்கள், காய்ச்சலோடு ஓடியதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று. அது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை. மற்றதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள், எல்லாரும் ஏதோ ஒரு 650-ஐ அரை வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை ஓடிக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மாத்திரை. இன்னொன்று மாமனார். பேஸ், துடிப்பு, சுற்று எல்லாம் கணக்காக இருக்கிறது, இந்த இரண்டு மட்டும் போகிற போக்கில். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

முதலில் மாத்திரை. "காய்ச்சல் இறங்கிவிட்டது" என்கிறீர்கள். பாரசிட்டமால் இறக்கியது தெர்மாமீட்டரில் தெரிகிற எண்ணை. உடம்பு இவ்வளவு சூட்டில் இருக்கவேண்டும் என்று மூளை வைத்திருக்கிற அளவை அது தற்காலிகமாகத் தணித்து வைக்கிறது, வைரஸை ஒன்றும் செய்வதில்லை. அதன் வேலை நாலிலிருந்து ஆறு மணி நேரம். நீங்களே நேரம் எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள்: நாலே முக்காலுக்குப் போட்டது, பத்தரைக்குக் குளிர். கடிகாரம் வைத்தாற்போல மாத்திரை தீர்ந்தது, காய்ச்சல் இருந்த இடத்தில் இருந்தது. அந்த நடு நேரத்தில்தான் நீங்கள் 15 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். வலியும் தெரியாது, சூடும் தெரியாது, உடம்பு 'நிறுத்துடா' என்று சொல்லக்கூடிய வழியெல்லாம் அடைத்தாயிற்று. சும்மா காய்ச்சலோடு ஓடியிருந்தால் அரைச் சுற்றில், குதிரைக்காரர்கள் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அதுவே மேல்.

அந்த 174 ஏன் என்று கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, ஃபிட்னஸ் போய்விட்டது என்று நினைத்துத்தான் மறுநாளும் இறங்கியிருக்கிறீர்கள். ஒன்றும் போகவில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அவ்வளவு குறைவு. நல்ல உடம்போடு வருகிறவருக்கே முதல் சில நாள் அதே பேஸுக்குத் துடிப்பு ஏறும். அதற்கு மேல் காய்ச்சல் வேறு. உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குப் பத்தை ஒட்டிக் கூடும். அப்புறம் ராத்திரி தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கியிருக்காது. இதையெல்லாம் கூட்டினால் 174 வராமல் வேறு என்ன வரும்?

ரத்தம் ஏறும் கதைக்கும் வருகிறேன். உங்கள் குரூப் சொன்னது முழுப் பொய்யில்லை, கால் உண்மை. உயரத்தில் இருந்தால் சிவப்பணு கூடும், கென்யாவில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற இட்டென் ஊருக்கு உலகம் முழுக்க இருந்து ஓட்டக்காரர்கள் போவது அதற்குத்தான். ஆனால் அங்கே வாரக் கணக்கில் தங்குகிறார்கள். முதல் சில நாளில் நடப்பது வேறு: ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைகிறது, அவ்வளவுதான். ஐந்து நாள் கொடைக்கானலில் ஓடி, ஆறாம் நாள் மலை இறங்கி வத்தலக்குண்டில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே "ஆல்டிடியூட் டிரெயினிங்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். கோபமெல்லாம் இல்லை, சிரிப்புத்தான்.

இப்போது என் கதை. 2014, எனக்கு 47 வயது. கோவையில் ஒரு 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. நாலு நாள். ஐந்தாம் நாள் மாத்திரையோடு, கொடைக்கானலில் என் வீடு இருக்கிற நாயுடுபுரத்திலிருந்து இறங்கி ஏரியை இரண்டு சுற்று ஓடினேன், இருமிக்கொண்டே. உங்களைப் போலத்தான், பயிற்சி அட்டவணையில் அந்த வாரக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. கோவைக்கும் போனேன், ஓடி முடித்தேன், பதக்கத்தோடு படமும் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற மேட்டில், தினம் பால் வாங்கப் போய்வருகிற மேட்டில், நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளியது. சரியாக அப்படித்தான் இருந்தது. நின்றேன், துள்ளல் நிற்கவில்லை. முதலில் பார்த்த டாக்டர் 'கேஸ்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார், நானும் காய்ச்சலோடு ஓடியதைச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. பத்து நாள் கழித்து மதுரையில் இன்னொருவர் இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, இதயத் தசையில் அழற்சி மாதிரித் தெரிகிறது, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருவதுண்டு, மூன்று மாதம் ஓட்டம் கூடாது என்றார். ஒரு வாரம் படுத்திருக்க முடியாதவள் மூன்று மாதம் உட்கார்ந்தேன்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இது அரிதாக வருவதுதான், பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல் வந்து போகும், இதயம் பாட்டுக்கு இருக்கும். ஆனால் சில வைரஸ் இதயத் தசைவரை போகும், அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் பாதிப்பு கூடும், இளம் விளையாட்டு வீரர்கள் திடீரென்று விழுந்து இறப்பதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. நெஞ்சு வலி, படபடப்பு, காரணமில்லாத மூச்சிரைப்பு, மயக்கம், இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். உங்களுக்குப் படபடப்பு இருக்கிறது. காய்ச்சலில் படுத்து எழுந்த பலவீனமாகவே இருக்கலாம். இருந்தாலும் அதை முடிவு செய்யவேண்டியது நீங்களும் இல்லை, நானும் இல்லை.

ஓட்டக்காரர்களிடம் கழுத்துக் கணக்கு ஒன்று உண்டு. தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டை கரகரப்பு, மெதுவாகக் கொஞ்சம் ஓடிப் பார்க்கலாம், பத்து நிமிடத்தில் மோசமானால் திரும்பிவிடலாம். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, கிடையாது. காய்ச்சல் என்றால் எந்தக் கணக்கும் கிடையாது. குத்துமதிப்பான விதிதான், ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவனுக்கு அதற்கு மேல் நுணுக்கமான விதி பயன்படாது.

விட்டுப்போன 26-ஐ மறந்துவிடுங்கள். ஈடுகட்டுவது என்ற ஒன்றே ஓட்டத்தில் இல்லை. ஒரு வாரம் ஓடாமல் இருந்தால் போவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், இரண்டு வாரம் போனால் கொஞ்சம் குறையும், ஓடத் தொடங்கினால் அது சீக்கிரமே திரும்பிவிடும். 13 வாரம் கையில் வைத்துக்கொண்டு ஒரு லாங் ரன்னுக்கு அழுவது, நெல் அறுப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு முறை தண்ணீர் விடவில்லை என்று வயலில் உட்கார்ந்து அழுவது மாதிரி. டாக்டர் சரி என்று சொன்னபின், மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாளாவது காய்ச்சல் வராமல் இருந்தபின், காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் நாடி பழைய எண்ணுக்கு வந்தபின், முதலில் நடை. இரண்டு மூன்று நாள் நடை. அப்புறம் 20 நிமிட மெது ஓட்டம். பிளானில் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டாம், இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

மன உறுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் காட்டியதை நான் அந்தப் பெயரில் சொல்லமாட்டேன் தம்பி. விடியற்காலை இருட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தீர்கள் இல்லையா? (சத்தமில்லாமல் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பதினான்கு பேர் தூங்குகிற காட்டேஜில் வேறெப்படி வந்திருக்க முடியும்?) அதில் உறுதியைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் நாயுடுபுரத்தில் கதவைச் சாத்தினேன். எக்ஸெல் கட்டத்தில் ஒரு நாள் வெள்ளையாக இருந்துவிடுமோ என்ற பயம்.

அப்புறம் உங்கள் மனைவி. அவர் உங்கள் ஓட்டத்துக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். அவர் பார்த்தது இதுதான்: முந்தின நாள் 101-இல் போர்வைக்குள் நடுங்கிய ஆள், விடிந்ததும் மூன்று சுற்று ஓடத் தெம்பிருந்தவன், பத்தரை மணிக்கு எல்லாரும் வேனில் ஏறும்போது படுத்துக்கொண்டான். ஓடுவதற்கு இருந்த தெம்பு பூம்பாறைக்கு இல்லை. மாத்திரைக் கணக்கு அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பார். பேசிவிடுங்கள். நாலே முக்கால், ஐந்தரை, பத்தரை என்று எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள்.

மாமனார் வயது எழுதவில்லை, எப்படியும் அறுபதைத் தாண்டியிருப்பார். காய்ச்சல் வந்த ஆள் ஒரு அறையில் தனியாகப் படுத்திருந்தால் அவருக்கு வராமலேயே போயிருக்கும் என்று சொல்லமுடியாது, அவ்வளவு பேர் ஒரே வீட்டில். ஆனால் மாத்திரை போட்டு நன்றாகிவிட்ட மாதிரி நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருப்பீர்கள், அவரும் மருமகனுக்குச் சரியாகிவிட்டது என்றே நினைத்திருப்பார். பெரியவர்களுக்கு இந்த இருமல் சில சமயம் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, ஏரி. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி உருவாக்கியது, கைகால் நீட்டிய நட்சத்திரம் மாதிரி இருக்கும், அதனால் ஓடுகிறவனுக்கு எந்த இடத்திலிருந்தும் முழுச் சுற்றும் தெரியாது. இந்த வளைவோடு முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று நீளும். அந்த மூன்று மாதம் நான் அதை நடந்தேதான் சுற்றினேன், ஒரு மணி நேரம் பிடிக்கும், அதுவரை ஓடும்போது ஒரு நாளும் கண்ணில் படாத நீர்க்கோழிகளை அப்போதுதான் பார்த்தேன். மே மாதம் மறுபடி வருகிறீர்களானால் காலை ஆறு மணிக்குள் இறங்கிவிடுங்கள், நேரமானால் குதிரையும் சைக்கிளும் சுற்றுலா வேனும் சேர்ந்து ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக் கொடுத்துக் கூடவே ஒரு சுற்று ஓடுங்கள், அதற்கு மட்டும் நேரமானாலும் பரவாயில்லை.

இசிஜி பார்த்து டாக்டர் என்ன சொன்னார், மாமனாருக்கு எப்படி இருக்கிறது, இரண்டையும் எழுதுங்கள். பேஸ் வேண்டாம்.