வயல் விற்கும்வரை பிரிட்ஜிங் லோன் எடுக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் இரண்டு கடை அறைகளோடு ஒரு கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. வாடகைக்கு விடலாம். விலை ஒரு கோடி. என் கையில் 40 இலட்சம் இருக்கிறது. வெல்லாவெளிப் பக்கம் உள்ள வயலை விற்றால் மீதி சரிவரும். ஆனால் கட்டடக்காரர் அவசரப்படுகிறார். ஆறு மாதத்துக்கு பிரிட்ஜிங் லோன் எடுத்து, வயல் விற்றதும் கட்டிவிடு என்கிறார் ஒரு தெரிந்தவர். இறங்கலாமா?

பதில்: வயலுக்கு உறுதி (சொந்தக் காணிப் பத்திரம்) இருக்கிறதா, பெர்மிட்டா (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்)? அதை நீங்கள் எழுதவேயில்லை. வெல்லாவெளி இருக்கும் படுவான்கரைப் பகுதியில் பெர்மிட் காணி ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணி, பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாறாது. அந்த அனுமதிக் கடிதம் ஆறு மாதத்தில் கைக்கு வரும் என்று நம்பிக் கடன் எடுப்பவருக்கு நான் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன். பெர்மிட் என்றால் இந்த யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, உறுதிக் காணி என்றே வைப்போம். 60 இலட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 18 வீதம் என்று ஒரு கணக்குக்கு எடுத்தால், மாதம் 90,000 ரூபா. ஆறு மாதத்துக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம். விற்பனை ஒரு வருடம் இழுத்தால் அது இரட்டிக்கும். இரண்டு கடையும் சேர்ந்து 50,000 வாடகை தந்தாலும் வட்டியில் மாதம் 40,000 துண்டு விழுகிறது. முத்திரை வரியையும் மறக்க வேண்டாம்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடிக்கு 3,99,000 ரூபா. உறுதி எழுதும் நொத்தாரிசின் கூலி வேறு. உங்கள் 40 இலட்சத்தில் இதற்கு ஒதுக்கியிருக்கிறீர்களா?

வயலைக் கேட்டுச் சிலர் வந்து போயிருக்கலாம். கேட்டவரெல்லாம் வாங்குபவர் அல்ல. வயல் வாங்குபவர்களில் பலர் விவசாயிகள்தான். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் அவர்கள் கையில் காசு புழங்கும். ஆவணியில் கடன் எடுத்தால் தவணை முடியும்போதுதான் பேச்சே தொடங்கும். ஆகவே முதலில் வாங்குபவர் அட்வான்ஸ் தந்து ஒப்பம் வைக்கட்டும், அப்புறம் கடன்.

வங்கியிடம் மூன்று விடயத்தை எழுத்தில் கேளுங்கள். ஆறாம் மாதம் கட்ட முடியாவிட்டால் தவணை நீளுமா, எந்த வட்டிக்கு? சாதாரண நீண்டகாலக் கடனாக மாற்றித் தருவார்களா? முந்திக் கட்டினால் தண்டப்பணம் உண்டா? ஈடாகப் போவது பெரும்பாலும் அந்தக் கல்லடிக் கட்டடமேதான். வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் அதிகாரத்தை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

என் யோசனை, கடனைவிடக் காலத்தைக் கேளுங்கள். கட்டடக்காரருக்கு உண்மையில் எவ்வளவு காசு உடனே தேவை என்று விசாரியுங்கள். பல நேரம் முழுத்தொகை தேவைப்படாது. 15 இலட்சம் அட்வான்ஸ், மீதி சித்திரைக்குள் என்று விற்பனை உடன்படிக்கை எழுதலாம். சில இலட்சம் மட்டும் குறைந்தால் நகையை அடகு வைப்பது இதைவிடச் சின்னத் தலையிடி. ஆனால் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு இருக்க வேண்டும். முத்திரை ஒட்டிய துண்டில் இருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், கட்டடக்காரர் கூடுதல் விலைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்த பிறகு, அதை வைத்துக்கொண்டு கட்டடத்தை உங்களுக்கே எழுதித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது.